சாட்சி சொன்ன பிறகு

கர்த்தர் நல்லவர் என்று சொல்லிவிட்டு மூச்சு வாங்கிய இடத்தில்தான் அது விழுந்திருந்தது. பியூலா தான் பேசிப் பதிவு செய்ததை, போனைக் காதோடு ஒட்டிவைத்து மறுபடியும் கேட்டாள். குரலில் ஒரு குறையும் இல்லை. கொஞ்சம் கனிவு, கொஞ்சம் கண்டிப்பு, ‘பிரியமானவர்களே’ என்னும்போது ஒரு சின்ன நடுக்கம், எல்லாம் அதனதன் இடத்தில் இருந்தது. கர்த்தர் நல்லவர். அதன் பின்னாலேயே, சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து, இழுத்துக்கொண்டு ஒரு முனகல். யாரோ பதில் சொன்னது போல இருந்தது. அவர்தான். உள்ளறைக் கட்டிலில் கிடக்கிற ஞானாபரணம், மின்வாரியத்தில் லைன்மேனாக இருந்து ஓய்வு பெற்றவர், அவளுடைய புருஷன், வயிற்றில் கேன்சர் வந்து சபையார் அத்தனை பேரும் அறிய கர்த்தரால் சுகமாக்கப்பட்டவர். சுகமான மனுஷன் முனகுவானா? அழித்தாள். தினமும் பால் காய்ச்சி இறக்கிய கையோடு இந்த வேலைதான். ‘விடியல் மன்னா’ என்று வாட்ஸப் குழுவுக்குப் பெயர், வனாந்தரத்தில் இஸ்ரவேலருக்கு விடியலில் வானத்திலிருந்து விழுந்த அப்பம் மாதிரி. ஒரு வசனம், ஒரு குட்டிக் கதை, ஒரு ஜெபம், காபி ஆறுவதற்குள் கேட்டு முடித்துவிடலாம். பாளையங்கோட்டையில் அவள் பேசினால் பம்பாயில் கேட்கிறார்கள், ஷார்ஜாவில் மகன் ஜெபின் கம்பெனி பஸ்ஸில் உட்கார்ந்து கேட்கிறான், குருவானவரின் மனைவி, சபைக்கு ஐயரம்மா, எல்லாருக்கும் முந்தி ஆமென் போடுகிறார். மாதத்துக்கு ஒரு பொருள். தீமையைவிடத் தேவனுடைய நன்மை பெரிது என்பது இந்த மாதத்துக்கு. போன மாதமே அறிவித்துவிட்டாள். அறிவித்த அன்று அவர் எழுந்து உட்கார்ந்து இட்லி தின்றுகொண்டிருந்தார். ஆழம் தெரியாமல் காலை விட்டாயிற்று, இன்னும் பாதி மாதம் கிடக்கிறது.

அந்த இட்லிதான் எல்லாவற்றுக்கும் காரணம் என்று சில நேரம் அவளுக்குத் தோன்றும். வீட்டு ஜெபத்துக்கு வந்த ஊழியக்காரர் அவர் வயிற்றில் கை வைத்து, கட்டி கரைந்துகொண்டிருக்கிறது, சகோதரி விசுவாசிக்கிறீர்களா என்று கேட்டார். வீடு நிறைய ஆட்கள். விசுவாசிக்கவில்லை என்று யார் சொல்லுவார்கள்? அந்த வாரம் அவர் இரண்டு இட்லி கூடுதலாகத் தின்றார். ஸ்தோத்திரப் பண்டிகைக்குக் கஞ்சி போட்ட சட்டையை மாட்டி அவரைக் கைத்தாங்கலாகக் கூட்டிப்போனாள். சாட்சி சொல்லுகிறவர்கள் முன்னே வரலாம் என்றதும் அவளுடைய கால்கள் எழுந்துவிட்டன. எனக்காக ஜெபியுங்கள் என்று கேட்கத்தான் போனாள், சத்தியமாக. மைக்கைப் பிடித்ததும் முன்வரிசை முகங்கள் நிமிர்ந்தன, தட்டுவதற்குக் கைகள் தயாராக இருந்தன, அப்படித் தயாராக இருக்கிற கைகளை வெறுமனே திருப்பி அனுப்ப யாருக்கு மனசு வரும். இவங்க வயித்துல இருந்த கட்டி இப்ப இல்லை என்றாள். தட்டினார்கள். ஸ்கேனில் ஒன்றும் தெரியவில்லை என்றாள். இன்னும் தட்டினார்கள். ஸ்கேனே எடுக்கவில்லை. டாக்டரே ஆச்சரியப்பட்டுப் போனார் என்றாள் கடைசியில், ஏனென்றால் டாக்டர் ஆச்சரியப்படாத சாட்சி உப்பில்லாத குழம்பு, அதை யாரும் வாயில் வைப்பதில்லை. பக்கத்தில் நின்ற ஞானாபரணம் அவளைப் பார்த்தார், பிறகு ஜனங்களைப் பார்த்தார், ஆமா என்று தலையை ஆட்டினார். பெண்டாட்டியைச் சபையில் விட்டுக்கொடுத்துப் பேசி அவருக்குப் பழக்கமில்லை. வாங்கிய கைத்தட்டலைத் திருப்பிக் கொடுக்க ஒரு வழியும் இல்லை. அதற்குப் பிறகு எந்த முகத்தோடு ஆஸ்பத்திரிக்குப் போவது? அங்கே சீட்டுக் கொடுக்கிற பெண் அவர்கள் பாடகர் குழுவில் ஆல்ட்டோ பாடுகிறவள். போகவில்லை. விசாரிக்க வருகிறவர்களை வாசலிலேயே நிறுத்தி, நல்லா அசந்து தூங்குறாங்க என்று சொல்லி அனுப்பினாள். அவர் தூங்கி எத்தனையோ நாளாகியிருந்தது.

இரண்டாம் தடவை அடுப்படியில் போய் நின்று, கதவைச் சாத்தி, கீழே இடைவெளியில் கால்மிதியைச் சுருட்டி அடைத்துவிட்டுப் பேசினாள். பிரியமானவர்களே, தீமை நம்மைச் சூழும்போது அது மாத்திரமே நம் கண்ணுக்குத் தெரியும். நன்றாக வந்தது. தீமைக்குச் சத்தம் அதிகம், நன்மைக்குச் சத்தமில்லை, என்று அந்த நிமிஷமே வாயில் வந்ததைச் சொன்னாள், சொல்லிவிட்டு ஆஹா என்று நினைத்தாள், அப்போது கதவைத் தாண்டி அவர் கூப்பிட்டார். பியூலா. பிறகு, ஏட்டி பியூலா. பெயரே விழுந்துவிட்டது. முனகலையாவது தெருநாய் என்று சொல்லிச் சமாளிக்கலாம், பெயரை என்ன செய்வது. அழித்துவிட்டு, கால்மிதியை எட்டி உதைத்துத் திறந்துகொண்டு போனாள். அவர் சுவரைப் பார்த்துக் குறுகிக் கிடந்தார். கம்பத்தில் ஏறி இறங்கி உரமேறிய தோள்கள் சட்டை ஆணியில் தொங்குவது போலத் தொங்கின. “என்ன?” என்றாள். “முதுகு ரெண்டா பொளக்குதுட்டி. அந்த நர்சம்மா குடுத்த மாத்திரையில ஒண்ணு குடேன்.” தெரிந்துதான் வைத்திருக்கிறார். அரசாங்க ஆஸ்பத்திரியிலிருந்து வீடு வீடாக வருகிற செண்பகம் என்கிற நர்ஸ் பழைய சீட்டைப் பிடித்துக்கொண்டு ஒருநாள் வந்துவிட்டாள், வேன் வாசலில் நின்றது, எதிர்வீட்டு ஜன்னல் திறந்தது, அவள் சீக்கிரம் போனால் போதும் என்று பியூலா எல்லாவற்றுக்கும் சரி சரி என்றாள். “நாலு மணி நேரத்துக்கு ஒண்ணு குடுங்கம்மா. வலி வந்தபொறவு இல்ல, வலி வராம இருக்கதுக்கு. முடிஞ்சதும் போன் பண்ணுங்க, கொண்டாறேன்,” என்றாள் செண்பகம். மார்ஃபின். பெயரைக் கேட்டாலே சாவு வீட்டு வாடை அடிக்கிறது. அட்டையைக் கொண்டுபோய் அலமாரியில் நற்கருணைக்குக் கட்டுகிற வெள்ளைச் சேலைக்கு அடியில் வைத்தாள். குப்பையிலும் போட்டிருக்கலாம். ஏன் போடவில்லை என்று அவள் தன்னைக் கேட்டுக்கொள்ளவில்லை. “வலிங்கிறது சாத்தான் காட்டுற பொய். நாம நம்பினா அது மெய்யாயிரும், தெரியுமில்லா?” என்றாள். அவர் மெல்ல முகத்தைத் திருப்பினார். “பொய்யின்னா நீ கொஞ்சம் இதுல வந்து படுத்துப் பாரு.”

இந்தக் குத்தலுக்கு ஒன்றும் குறைச்சலில்லை. அவளுக்குக் கோபம் வந்தது, அழுகை வந்தது, எது முந்தி என்று பார்க்க நேரமில்லாமல் போனில் மணி பார்த்தாள். இன்னும் மன்னா போகவில்லை. “ரெண்டு நிமிஷம். ரெண்டே நிமிஷம் சத்தம் காட்டாம இருங்க. பேசி முடிச்சிட்டு வந்து எண்ணெய் தேச்சு விடுதேன். ஊழியத்துக்கு நீங்களும் ஒத்தாசை செஞ்ச மாதிரி இருக்கும்.” அவர் தலைமாட்டில் கிடந்த துண்டை இழுத்து, சுருட்டி, வாய்க்குள் வைத்துக் கடித்துக்கொண்டார். பிறகு கையை லேசாக அசைத்தார், ம், ஆரம்பி. அந்தக் கையசைப்பு அவளுக்குத் தெரியும். வேலை முடிந்து கம்பத்திலிருந்து இறங்கியதும் சுவிட்சடியில் நிற்கிறவனுக்குக் காட்டுகிற சைகை, லைனைப் போடு, கரண்டை விடு என்று. கல்யாணமான புதிதில் ஒருநாள், மழையில், எவனோ அவசரப்பட்டு லைனைப் போட்டுவிட, அவர் தூக்கி எறியப்பட்டு இடுப்புக் கயிற்றில் தொங்கி, இறங்கி வந்து, உள்ளங்கை வெந்து தோல் சுருண்டிருக்கச் சிரித்துக்கொண்டே வீட்டுக்கு வந்தார். அழுதது அவள்தான். ஒண்ணுமில்லட்டி, எறும்பு கடிச்ச மாதிரி இருந்துச்சு என்றார். அந்த மனுஷன் இப்போது துண்டைக் கடிக்கிறான் என்றால் அது எறும்பு இல்லை என்று அவளுக்குத் தெரியாதா? தெரியும். தெரிந்ததை ஓரமாக நகர்த்திவைக்க ஒரு வசனம் எப்போதும் அவள் நாவில் தயாராக இருந்தது. நாலு தலைமுறை கிறிஸ்தவக் குடும்பம், வசனத்துக்கா பஞ்சம். பிடித்திருந்தது அவரை அவளுக்கு. இந்த நிமிஷம், துண்டைக் கடித்துக்கொண்டு நெற்றி நரம்பு புடைக்கத் தன்னையே பார்த்துக்கொண்டிருந்த அந்த முகத்தை, எத்தனையோ வருஷத்துக்கு இல்லாத அளவு பிடித்திருந்தது. அங்கேயே கட்டில் முனையில் உட்கார்ந்து பேசத் தொடங்கினாள். பிரியமானவர்களே. மூக்கு வழியாக அவர் விட்ட மூச்சு ஒவ்வொரு வாக்கியத்துக்கும் நடுவில் பாத்திரம் தேய்ப்பது போல விழுந்தது. கேட்டுப் பார்த்தாள். முனகலைவிட இது மோசம்.

ஜெபினிடமிருந்து செய்தி வந்து நின்றது. ‘அம்மா, இன்னைக்கு மன்னா வரலையே. அப்பா நல்லாருக்காங்களா?’  பையன் லீவு கேட்டு வாங்கி டிக்கெட்டும் பார்த்து வைத்திருந்தான், இவள்தான் வேண்டாம் என்றாள். வந்தால் பார்ப்பான். நீ வந்தா அது அவிசுவாசம்டா, அப்பா சுகமாயிட்டாங்க, கிறிஸ்மஸுக்கு வா, எல்லாருமா இருப்போம். கிறிஸ்மஸுக்கு. சொல்லும்போது அவளுக்கே நம்பிக்கையாக இருந்தது. அப்பாகிட்ட போனைக் குடுங்க என்பான், தூங்குறாங்கடா என்பாள். ஒரு மகனிடமிருந்து அவன் அப்பனை இப்படி ஒளித்துவைக்க ஒரு தாய்க்கு எப்படி மனசு வந்தது என்று வேறொருத்தியைப் பற்றி யாராவது சொல்லியிருந்தால் பியூலா உச்சுக்கொட்டியிருப்பாள், அவளுக்காக உபவாசம்கூட இருந்திருப்பாள். ‘நல்லாருக்காங்கப்பா, கரண்ட் இல்லை, இப்ப வரும்’ என்று அனுப்பினாள். அவன் வருவதற்கு முன்னால் ஏதாவது ஒன்று ஆகிவிட்டால்? இந்த இடத்துக்கு அவளுடைய மனசு வருவது இது முதல் தடவை இல்லை. வந்து வந்து பழகி, உட்கார்ந்து யோசிக்க ஒரு பாயும் விரித்துவைத்திருந்தது. நெஞ்சுவலி. ராத்திரி நல்லாத்தான் படுத்தாங்க, காலையில பார்த்தா இல்லை. கேன்சர் சுகமான மனுஷனுக்கு நெஞ்சுவலி வரக்கூடாதா என்ன? அதை எந்தச் சட்டம் தடுக்கிறது? கர்த்தர் கட்டியையும் எடுத்தார், பிறகு தமக்குச் சித்தமான வேளையில் ஆளையும் எடுத்துக்கொண்டார், இரண்டும் வேறு வேறு காரியம். சாட்சி நிற்கும். எந்தப் படத்தைப் போஸ்டருக்குக் கொடுப்பது என்பது வரைக்கும் போய்விட்டு, ஐயோ ஆண்டவரே என்று தலையை உதறினாள். கஞ்சி போட்ட சட்டையில் எடுத்த படம்தான் நன்றாக இருக்கும், அதில் கன்னம் ஒட்டியது அவ்வளவாகத் தெரியாது. சீ. என்ன பிறவி நான். அவர் துண்டை வாயிலிருந்து எடுத்தார். அதில் ரத்தம் இருந்தது, நாக்கைக் கடித்திருக்க வேண்டும். “முடிஞ்சுதா?” என்று கேட்டார். முடியவில்லை என்றாள். சரி என்று சொல்லித் துண்டை மறுபடியும் வாயில் வைத்துக்கொண்டார்.

மாத்திரையைக் கொடுத்தால் என்ன. இந்த நினைப்பு வந்ததும் எப்போதும்போல அதை விரட்டப் போனாள். வலிக்காகக் கொடுத்தால் வலி உண்டு என்று ஒத்துக்கொண்டதாகும், வலி உண்டென்றால் கட்டி உண்டு, கட்டி உண்டென்றால் அன்றைக்கு மைக்கில் சொன்னது என்ன? பொய். அதுவும் ஆலயத்தில், பீடத்துக்கு முன்னால். இந்தச் சங்கிலியை அவள் மனசில் எத்தனை தரம் இழுத்துப் பார்த்திருப்பாளோ, ஒரு கண்ணிகூடத் தளரவில்லை. ஆனால் இன்றைக்கு இன்னொரு பக்கமாக ஒரு வழி திறந்தது. வலிக்காக இல்லை. சத்தத்துக்காக. அவருக்காகக்கூட இல்லை, மன்னாவுக்காக. எத்தனை ஆத்துமாக்கள் காத்திருக்கின்றன, கடன்காரன் வாசலில் நிற்க அழுதுகொண்டு கேட்கிறவள் இருக்கிறாள், குடிகாரப் புருஷனுக்குத் தெரியாமல் காதில் மாட்டிக் கேட்கிறவள் இருக்கிறாள், அவர்களுக்கு இன்றைக்கு வார்த்தை போய்ச் சேரக்கூடாது என்று பிசாசு இந்த மனுஷனை முனக வைக்கிறான் என்றால், அந்த வாயை அடைக்க எதைக் கொடுத்தால்தான் என்ன? இது அவிசுவாசத்தில் சேராது. ஊழியச் செலவில் சேரும். அவளுக்கு மூச்சு லேசானது. இவ்வளவு எளிதான காரியம் இத்தனை நாள் தோன்றவில்லையே என்று சிரிப்புக்கூட வந்தது. அலமாரியைத் திறந்து, சேலையைத் தூக்கி, அட்டையிலிருந்து ஒன்றைப் பிதுக்கி எடுத்துக்கொண்டு வந்து, தலையைத் தூக்கிப் பிடித்துத் தண்ணீரோடு கொடுத்தாள். அவர் மாத்திரையைப் பார்க்கவில்லை, அவள் முகத்தைப் பார்த்தார். நம்ப முடியாமல் பார்த்தார். “இது உங்களுக்கு இல்ல,” என்றாள் அவள், சொல்லாமல் இருந்திருக்கலாம், “ரெக்கார்டு பண்ணணும், அதுக்காவ.” அவர் விழுங்கிவிட்டு வாயைத் திறந்து காட்டினார், மாத்திரை போய்விட்டது என்று, சின்னப் பிள்ளைகள் காட்டுகிற மாதிரி.

பக்கத்தில் உட்கார்ந்து காத்திருந்தாள். தெருவில் கீரைக்காரி கூவிக்கொண்டு போனாள். மேல்வீட்டில் குக்கர் விசில் அடித்தது. கொஞ்ச நேரம் ஒரு மாற்றமும் இல்லை, பார்த்தீர்களா, இதுவும் ஒன்றும் செய்யாது என்று யாரிடமோ சொல்லத் தயாரானாள். அதற்குப் பிறகு அவருடைய கால் விரல்கள் விரிந்தன. மடக்கி வைத்திருந்த முழங்கால் நீண்டது. நெற்றி நரம்பு இறங்கியது, கைமுஷ்டி தானாகத் திறந்தது, உள்ளங்கையில் அந்தப் பழைய தழும்பு பளபளவென்று தெரிந்தது. முகம் திரும்பி வந்தது. அவள் கட்டிக்கொண்ட முகம். மெல்லிசாக மூச்சு விட்டுக்கொண்டு கூரையைப் பார்த்தார், அங்கே ஃபேன் ஓடுவதை இப்போதுதான் கவனித்தவர் போல. அவளுக்குச் சந்தோஷமாக இருந்தது, அடிவயிறு வரைக்கும் குளிர்ந்தது. அடுத்த நிமிஷம் வெறுப்பாக இருந்தது. எத்தனை உபவாசம், எத்தனை முழங்கால் ஜெபம், கண்ணீர் விட்டு விட்டுத் தலையணை நாறிப்போனது, அப்போதெல்லாம் ஓர் அங்குலம் அசையாத வலி இந்தச் சுண்டைக்காய் அளவு வெள்ளை மாத்திரைக்கு அசைந்து கொடுக்கிறதா? பொட்டு வைத்த ஒரு நர்ஸ் போகிற போக்கில் கொடுத்துவிட்டுப் போனதற்கு? பொறாமைதான் அது, வேறென்ன பெயர் சொல்ல. இது செண்பகம் வந்த நாளிலிருந்தே வீட்டில் இருந்தது என்கிற நினைப்பு மெதுவாக எட்டிப் பார்த்தது. அன்றிலிருந்து இன்றுவரை உள்ள ராத்திரிகள் ஒவ்வொன்றும் அதன் பின்னால் வரிசையில் நின்றன, அவர் சுவரைப் பிறாண்டிய ராத்திரி, என்னைக் கொன்னுருட்டி என்ற ராத்திரி, அவள் தலையணையால் காதைப் பொத்திக்கொண்டு வாக்குத்தத்த வசனங்களை வாய்விட்டுச் சொன்ன ராத்திரி. அவற்றையெல்லாம் உள்ளே வரவிட்டால் இன்றைக்கு மன்னா போனாற்போலத்தான். வராதே என்று அதட்டினாள். போனை எடுத்தாள்.

பிரியமானவர்களே. ஓர் ஈ பறந்தாலும் கேட்கும் அமைதி. தீமைக்குச் சத்தம் அதிகம், நன்மைக்குச் சத்தமில்லை, ஆனாலும் நன்மையே பெரிது, ஏனென்றால் கர்த்தர் நல்லவர். நல்லவர் என்ற இடத்தில் நிறுத்தி மூச்சு வாங்கினாள், எதுவும் விழவில்லை. குட்டிக் கதைக்கு அந்தக் கம்பத்துக் கதையையே எடுத்தாள். ஒரு சகோதரன் இருந்தார், மின்சாரம் அவரைத் தூக்கி அடித்தது, கீழே விழுந்தால் மரணம், ஆனால் இடுப்பில் ஒரு கயிறு இருந்தது, தொங்கிக்கொண்டிருந்த நேரமெல்லாம் அந்தக் கயிறு தன்னைப் பிடித்திருப்பது அவருக்குத் தெரியாது, வலிதான் தெரிந்தது. அந்தக் கயிறுதான் நம் தேவனுடைய நன்மை. சொல்லும்போது தொண்டை அடைத்தது. நடிப்பில்லை, நிஜமாகவே அடைத்தது, அதுவும் பதிவில் அழகாக விழுந்தது. இந்த வருஷத்திலேயே சிறந்த மன்னா இதுதான் என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது. அனுப்பினாள். ஐயரம்மாவின் ஆமென் முதலில் வந்தது. பம்பாயிலிருந்து கூப்பிய கைகள் வந்தன. கடன்காரனுக்குப் பயந்து அழுகிறவள், அக்கா எனக்காகவே பேசின மாதிரி இருக்கு என்று எழுதினாள். ஜெபின், ‘இது அப்பா கதைதானே, அப்பாவுக்கு என் முத்தம்’ என்று போட்டிருந்தான். போன் அவள் மடியில் துள்ளித் துள்ளி விழுந்தது.

“நல்லாப் பேசினட்டி,” என்றார் ஞானாபரணம். அவர் தூங்கிவிட்டதாக நினைத்திருந்தாள். நாக்கு கொஞ்சம் குழறியது, கண் பாதி மூடியிருந்தது, ஆனால் நெடுநாளைக்குப் பிறகு ஒரு மனுஷன் பேசுகிற மாதிரிப் பேசினார். அவள் அவருடைய தலைமயிரை ஒதுக்கிவிட்டாள். “எல்லாரும் ஆமென் போட்டிருக்காவ,” என்றாள். அவர் தலையை அசைத்தார். எதையோ கேட்கத் தயங்குகிறார் என்று தெரிந்தது. என்ன என்றாள். அவர் உதட்டை நனைத்துக்கொண்டார், மேலதிகாரியிடம் லீவு கேட்கிறவர் போலக் குரலைத் தணித்துக்கொண்டு, ரொம்ப மரியாதையாகக் கேட்டார்.

“சாயங்காலமும் ஒண்ணு பேசி அனுப்பேன், பியூலா. முடிஞ்சா மத்தியானமும்.”

அவர் என்ன கேட்கிறார் என்று அவளுக்கு நன்றாகவே புரிந்தது. போன் மறுபடியும் துள்ளியது.

“பாப்போம்,” என்றாள்.